மாருதி 800: கார்புரேட்டரைக் கடைசியில் தொடுங்கள்

அப்பா 1992-இல் வாங்கிய மாருதி 800 இன்றும் எங்கள் வீட்டு வண்டி. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகளையும் நான்கு பேரோடு ஏறுகிறது. 796 சிசி, மூன்று சிலிண்டர், பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்ப ஒரே ஒரு கார்புரேட்டர். கம்ப்யூட்டர் எதுவும் இல்லாததால் அதன் குறையை நாமே கண்டுபிடித்துவிடலாம். வரிசை மட்டும் தவறக் கூடாது.

வரிசை தவறியதால் ஒரு முறை நிறையச் செலவு செய்தேன். சிக்னலில் நின்றால் வண்டி துடித்து ஆஃப் ஆனது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். பானெட்டைத் திறந்ததும் கார்புரேட்டர் ஸ்க்ரூவைத்தான் திருகினார்கள். இரண்டு நாள் திருகிவிட்டு, புது கார்புரேட்டர் போட வேண்டும் என்றார்கள். அப்புறம் எங்கள் தெரு மெக்கானிக் அண்ணன் சிலிண்டருக்கு ஒன்றாக இருக்கும் மூன்று ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, பழைய செய்தித்தாளில் வரிசையாக வைத்துக் காட்டினார். இரண்டு பிளக் செங்கல் நிறம். மூன்றாவது கறுத்து, பெட்ரோலில் நனைந்திருந்தது.

“ஒரே கார்புரேட்டர்தான் மூணுக்கும் பெட்ரோல் குடுக்குது. அது கெட்டா மூணும்ல கறுக்கணும்?” என்றார்.

அந்தக் கேள்வியிலிருந்துதான் நான் இப்போதும் தொடங்குகிறேன். எஞ்சின் ஆறியதும் பிளக் ஒயர்களில் 1, 2, 3 என்று டேப் ஒட்டிவிட்டுக் கழற்றுங்கள். மூன்றும் இளம் பழுப்பு என்றால் நல்லது. மூன்றும் உலர்ந்த கரியாக இருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது: முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள், குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ய இழுக்கும் சோக்கின் கேபிள் முழுதாக உள்ளே திரும்புகிறதா என்று பாருங்கள். மூன்றும் வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, அல்லது எங்கோ காற்று இழுக்கிறது. ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தால் அந்தப் பிளக், அந்த ஒயர், அந்த சிலிண்டர் என்று தேடுங்கள். பிளக் இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ. மாட்டும்போது முதல் சில சுற்றுகளைக் கையால்தான் திருக வேண்டும். சிலிண்டர் ஹெட் அலுமினியம். மரை போனால் பெரிய வேலை.

அடுத்து, மின்சாரத்தை ஒவ்வொரு பிளக்குக்கும் முறைவைத்துப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடி. என் வண்டியில் குற்றவாளி அதுதான். மூடியின் உட்புறத்தைத் துடைத்து வெயிலில் சாய்த்துப் பிடித்தபோது, அந்த மூன்றாவது பிளக்கின் முனையிலிருந்து மூடியின் விளிம்புக்குப் பென்சிலால் இழுத்தது போல மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தது. விரிசல். மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் அந்தக் கோட்டின் வழியே கசிந்துகொண்டிருந்தது. மூடியையும் அதனுள் சுழலும் ரோட்டாரையும் மாற்றியதும் துடிப்பு நின்றது.

மூடி கழன்றிருக்கும்போதே, உள்ளே திறந்து மூடி ஸ்பார்க்கை உண்டாக்கும் பாயிண்டையும் பார்த்துவிடுங்கள். நடுத்தண்டிலுள்ள கேமின் முனை பாயிண்டை முழுதாகத் திறக்கும் இடத்தில் பீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டு 0.4 முதல் 0.5 மி.மீ. வைக்க வேண்டும். முகத்தில் குழி விழுந்திருந்தால் தேய்த்துக்கொண்டிருக்காமல், அது கருகாமல் காக்கும் கண்டென்சரோடு சேர்த்து மாற்றிவிடுங்கள். கேஜில் எண்ணெய் ஒட்டியிருந்தால் அது பாயிண்டில் படும். ஒரு வெள்ளை அட்டையை நடுவே விட்டு இழுத்துத் துடையுங்கள். பாயிண்ட் இடைவெளி மாறினால் டைமிங்கும், அதாவது ஸ்பார்க் விழும் நேரமும், மாறும், அதையும் சரிபார்க்க வேண்டும்.

சரி, காற்றுக் கசிவு. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது அரை மீட்டர் ரப்பர் டியூபின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை வாக்யூம் குழாய்கள், கார்புரேட்டர் அடி கேஸ்கெட் ஓரமாக நகர்த்துங்கள். ஃபேனிலிருந்து கையும் துணியும் டியூபும் விலகியிருக்கட்டும். கசியும் இடத்தில் ‘ஸ்ஸ்’ என்று தெளிவாகக் கேட்கும். சூடான எஞ்சினில் பெட்ரோல் தெளித்துக் கசிவு தேடுவதை நானே பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள், தீப்பிடிக்கும்.

இத்தனையும் சரியாக இருந்தால் மட்டுமே கார்புரேட்டர். கழற்றுவதற்கு முன், அதில் பெட்ரோல் தேங்கும் புளோட் சேம்பரில் இருக்கும் சிறிய கண்ணாடியைப் பாருங்கள். பெட்ரோல் மட்டம் நடுவில் உள்ள வட்டக் குறிக்குள் நிற்க வேண்டும். ஏறி நின்றால், உள்ளே வரும் பெட்ரோலை நிறுத்தும் நீடில் வால்வு அடைக்கவில்லை. நாள்பட நின்ற வண்டி சோக் இழுத்தால் மட்டும் ஓடி, சோக்கை விட்டதும் நின்றால், அநேகமாக ஸ்லோ ஜெட் (ஐட்லிங்கில் பெட்ரோல் விடும் சிறு பித்தளைத் துளை) அடைத்திருக்கும். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு படியையும் போனில் படம் எடுத்தபடி கழற்றுங்கள். ஜெட்டில் கம்பி விடக் கூடாது. பித்தளை மென்மையானது; துளை மயிரிழை பெருத்தாலும் மைலேஜ் போய்விடும். கிளீனர் ஸ்பிரே, பிறகு காற்று, அவ்வளவுதான். கேஸ்கெட்டைப் புதிதாகப் போடுங்கள்.

பெட்ரோல்-காற்றுக் கலவையைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸ்சர் ஸ்க்ரூவை எஞ்சின் நன்றாகச் சூடாகி, சோக் முழுதாக உள்ளே போன பிறகே தொட வேண்டும். பழைய நிலை எத்தனை சுற்று என்று முதலில் எழுதி வையுங்கள். கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி, எஞ்சின் எந்த இடத்தில் வேகமாகவும் சீராகவும் ஓடுகிறதோ அங்கே நிறுத்தி, பிறகு ஐட்லிங் ஸ்க்ரூவால் வேகத்தைக் குறையுங்கள். புகைச் சோதனையில் 1992 காலத்து வண்டிகளுக்குக் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம் வரை அனுமதி. நான் அந்தச் சீட்டை எடுத்து வைத்து, போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. நம் வண்டி அதற்காகச் செய்யப்பட்டது அல்ல. பெட்ரோல் போகும் பழைய ரப்பர் ஹோஸ் உப்பும், விரிசல் விடும். விரலால் மடக்கிப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் அன்றே மாற்றுங்கள், எத்தனால் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும், அதனால் மாதக்கணக்கில் வண்டியை நிறுத்தாதீர்கள். நான் வாரம் ஒரு முறையாவது ஆழியாறு வரை ஓட்டிவிடுகிறேன். பெட்ரோல் ஃபில்டரின் அடியில் துருத்தூள் படிகிறதா என்று அப்போதே பார்ப்பேன். மாற்றும்போது அதிலுள்ள அம்புக்குறி கார்புரேட்டர் பக்கம் இருக்க வேண்டும்.

வால்பாறை போகும் நாளில் டிக்கியிலுள்ள பிஸ்கட் டப்பாவில் ஒரு பிளக், ஒரு ரோட்டார், பாயிண்ட், கண்டென்சர், இரண்டு கிளிப், ஒரு முழம் ஹோஸ். அந்தப் பழைய பிஸ்கட் டப்பா அப்பா காலத்திலிருந்து அங்கேயே இருக்கிறது.