பாவ்லோவின் நாயும் குட்டி ஆல்பர்ட்டும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆக்கநிலையிறுத்தக் கற்றலை, அதாவது உணவு போன்ற ஒன்றோடு ஓர் ஒலியைத் திரும்பத் திரும்பச் சேர்த்துத் தந்தால் பின்பு ஒலிக்கே உடல் எதிர்வினை காட்டப் பழகுவதை, விளக்க முற்படுவோர் பெரும்பாலும் ஒரே வரியில் தொடங்குகின்றனர்: பாவ்லோவ் மணி அடித்தார், நாய்க்கு உமிழ்நீர் சுரந்தது. அந்த வரி முழுப் பொய்யன்று. ஆனால் சோதனையில் எது முக்கியமோ அதை மறைத்துவிடுகிறது.

இவான் பாவ்லோவ் உடலியல் அறிஞர். 1904இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது செரிமான ஆய்வுகளுக்காகவே. பீட்டர்ஸ்பர்க் ஆய்வகத்தில் நாயின் உமிழ்நீர் நாளத்தின் முனையை அறுவை செய்து கன்னத்துக்கு வெளியே கொண்டுவந்து, அதில் வடியும் துளிகளை எண்ணினார்கள். உணவோடு சேர்த்துத் தரும் தூண்டலாக மெட்ரோனோம் (சீராகத் தட்டும் தாளக்கருவி), பஸ்ஸர், விளக்கொளி, தோலில் தொடுதல் எனப் பலவும் பயன்பட்டன. மணியும் அவற்றில் ஒன்றே என்பதால், 'பாவ்லோவ் மணியைத் தொட்டதே இல்லை' என்று இப்போது பரவும் திருத்தத்தையும் திருத்தத்தான் வேண்டும். துலங்கலின், அதாவது தூண்டலுக்கு நாய் காட்டும் எதிர்வினையின், வலிமை ஏறுவதையும் இறங்குவதையும் துளிக்கணக்கில் அளக்க முடிந்ததே இங்கே பெரிய செய்தி.

உணவு தராமல் மெட்ரோனோம் ஒலியை மட்டும் திரும்பத் திரும்ப எழுப்பினால் துளிகள் குறைந்து நின்றுபோகும். இதைக் கண்டு 'கற்றது அழிந்துவிட்டது' என்று எழுதுவதுதான் எல்லாவற்றிலும் பரவலான தவறு. சிறிது ஓய்வுக்குப் பின் அதே ஒலியை எழுப்பினால், இடையில் எந்தப் பயிற்சியும் அளிக்காத நிலையிலும், உமிழ்நீர் ஓரளவு மீண்டும் சுரப்பதைப் பாவ்லோவே பதிவு செய்திருக்கிறார். அழிந்தது தானாகத் திரும்பாது என்பதால், அவர் இதைத் தடுப்பு என்றே, அதாவது கற்றது அழியாமல் தற்காலிகமாக அடக்கப்பட்ட நிலை என்றே, கருதினார். சிகிச்சையால் அடங்கிய அச்சம் பின்னாளில் மறுபடி தலைகாட்டுவதைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாடு தேவை.

உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக் 1898இல் விவரித்த புதிர்ப்பெட்டிச் சோதனையை, அதாவது தாழிட்ட பெட்டியில் பூனைகளை அடைத்துச் செய்த சோதனையை, இதோடு சேர்த்துக் குழப்பக் கூடாது. பூனை தாழ்ப்பாளைத் திறந்தால்தான் அதற்கு உணவு. நாய்க்கோ உமிழ்நீர் சுரந்தாலும் சுரக்காவிட்டாலும் உணவு வந்துவிடும்.

கற்பனை அதிகம் கலந்திருப்பது ஆல்பர்ட்டின் கதையில்தான். உளவியல் ஆய்வாளர்களான ஜான் வாட்சனும் ரோசாலி ரேனரும் 1920இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஆல்பர்ட் என்னும் ஏறத்தாழ 11 மாதக் குழந்தையிடம் வெள்ளெலியைக் காட்டி, அவன் தலைக்குப் பின்னால் இரும்புக் கம்பியைச் சுத்தியலால் அடித்தார்கள்; முதல் நாள் 2 முறை, ஒரு வாரம் கழித்து 5 முறை. அதன் பிறகு எலியைக் கண்டாலே அவன் அழுதான்; முயலையும் நாயையும் கண்டும் கலங்கினான். அறிக்கையிலேயே இல்லாத பூனையையும் கரடிப் பொம்மையையும் சிலர் இப்பட்டியலில் சேர்த்துவிடுகின்றனர். அதைவிடப் பெரிய குறை, அடுத்து நடந்ததைச் சொல்லாமல் விடுவது: சில நாள்களில் அச்சம் தணிந்திருக்கக் கண்டதும், எலியோடு மீண்டும் ஓசை எழுப்பியதுடன், முயலோடும் நாயோடும்கூட நேரடியாகவே கம்பியை அடித்தார்கள். ஆகவே அதன்பின் அவன் காட்டிய அச்சம் முழுவதையும் எலியிடமிருந்து பரவியதாகச் சொல்ல இடமில்லை. ஒரே குழந்தையை வைத்துச் செய்த இச்சோதனையை எல்லா அச்சங்களுக்கும் விளக்கமாக நீட்டுவது மிகை.

ஆல்பர்ட்டின் அச்சத்தைப் பிறகு போக்கிவிட்டார்கள் என்பதும் உண்மையன்று. அதற்கு முன்பே அவன் தான் இருந்துவந்த மருத்துவமனையை விட்டுப் போய்விட்டான். அச்சம் நீங்கியவன் பீட்டர் என்னும் வேறொரு சிறுவன். அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் முயலைச் சிறிது சிறிதாக அருகே கொண்டுவந்த மேரி கவர் ஜோன்ஸ், அதை 1924இல் வெளியிட்டார். பீட்டரின் அச்சம் அவன் அவரிடம் வரும்போதே இருந்தது. எந்த ஆய்வாளரும் ஊட்டியதன்று.