கோட்டை மானைத் தொப்பியில் பின்னும் முறை

திருகோணமலை வெயிலில் கம்பளித் தொப்பி யாருக்கு என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். கனடாவில் இருக்கும் பேத்திக்கு. போன வருடம் இங்கே வந்தபோது, கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில், பிரட்ரிக் கோட்டைக்குள் நின்ற புள்ளிமான்களை விட்டு அவள் நகரவே இல்லை. அந்த மானைத்தான் தொப்பியில் பின்னுகிறேன். பச்சை நிலத்தில் வெள்ளை மான்.

கட்டம் போட்ட கணக்குக் கொப்பி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டம் ஒரு கண்ணி, அதாவது ஊசியில் விழும் ஒரு நூல் வளையம். நான் முதலில் 20 கட்ட அகலம், 20 கட்ட உயரத்தில் மானை வரைந்தேன். கொப்பியில் வடிவாக இருந்தது. பின்னிப் பார்த்தால் கால் குட்டையாகி, உடம்பு நசுங்கி, மானே இல்லை. மனம் விட்டுப்போயிற்று. காரணம் இதுதான்: கொப்பிக் கட்டம் சதுரம். பின்னற் கண்ணி சதுரம் இல்லை, உயரத்தைவிட அகலம் கூடியது. என் கைக்கு 10 சென்ரிமீற்றர் அகலத்தில் 20 கண்ணியும், அதே அளவு உயரத்தில் 26 வரியும் வருகின்றன. அப்படியானால் 20 வரி மான் 8 சென்ரிமீற்றர் உயரம்கூட வராது. 26 கட்ட உயரத்துக்கு இழுத்து வரைந்ததும் சரியாக வந்தது. கொப்பியில் பார்க்கும்போது மான் கொஞ்சம் நெட்டையாகத்தான் தெரியும். பயப்பட வேண்டாம்.

ஆகவே படம் வரையும் முன்னமே ஒரு மாதிரித் துண்டு பின்னுங்கள். அதையும் இரண்டு நிறத்தில், சுற்றிச் சுற்றிப் பின்னும் வட்ட ஊசியில், தொப்பி பின்னப்போவது போலவே பின்ன வேண்டும். இரண்டு நூல் சேர்ந்தால் கை இறுகிவிடும், கணக்கு மாறும். கழுவிக் காயவைத்து அளந்து பாருங்கள்.

மானுக்கு 20 கண்ணி, இடைவெளிக்கு 3, மொத்தம் 23. தொப்பியைச் சுற்றி நான்கு மான் என்றால் 92 கண்ணி. அதாவது 46 சென்ரிமீற்றர், சின்னப்பிள்ளையின் தலையைக் கவ்வி நிற்கும். கீழே இரண்டு நேர்க்கண்ணி, இரண்டு மறுகண்ணி (முன்பக்கம் சின்ன மேடாகத் தெரிவது மறு) என்று ஓரத்தை 4 சென்ரிமீற்றர் பின்னிவிட்டுப் படத்தைத் தொடங்குங்கள்.

படத்தைக் கீழிருந்து மேலே வாசிக்க வேண்டும். வட்டமாகப் பின்னும்போது எல்லா வரியும் வலமிருந்து இடம். தட்டையாகப் பின்னினால் மட்டும், திருப்பிப் பின்னும் வரியை இடமிருந்து வலமாக வாசியுங்கள். வரி தவறாமல் இருக்க அடிமட்டத்தை வைப்போம் அல்லவா, அதை இப்போது பின்னும் வரிக்கு மேலே வையுங்கள். பின்னி முடித்த வரிகள் கீழே கண்ணுக்குத் தெரிந்தால்தான், பிழை விட்டால் உடனே பிடிபடும்.

இனி, பின்னால் ஓடும் நூல். வெள்ளை பின்னும்போது பச்சை நூல் உட்பக்கத்தில் சும்மா ஓடும். அது ஐந்து கண்ணிக்கு மேல் ஓடினால் பிள்ளையின் விரல் மாட்டும். நடுவில் ஓரிடத்தில், பின்னும் நூலை அதற்கு அடியால் எடுத்துப் பிடித்துவிடுங்கள். அடுத்த வரியில் அதே இடத்தில் பிடித்தால் முன்பக்கம் நிறம் எட்டிப்பார்க்கும், ஆகவே தள்ளிப் பிடியுங்கள். இந்த வேலைக்குப் புள்ளிமானைப் போல வசதியான உருவம் எனக்கு வேறொன்றும் கிடைக்கவில்லை! உடம்பில் நாலு கண்ணிக்கு ஒரு பச்சைப் புள்ளி வைத்தால், நூல் தானாகவே அங்கங்கே மாட்டிக்கொள்கிறது. புள்ளிகளை வரிக்கு வரி மாற்றி வையுங்கள்.

நிறம் மாற்றும் முன், வலது ஊசியில் உள்ள கண்ணிகளை விரலால் நன்றாகப் பரப்பிவிடுங்கள். நூல் இறுகினால் தொப்பி சுருங்கிப்போகும், பிறகு கழுவினாலும் சரிவராது. வெள்ளை நூல் எப்போதும் பச்சைக்கு அடியால் வரட்டும். அடியால் வரும் நிறம்தான் முன்பக்கம் எடுப்பாகத் தெரியும். பாதியில் மாற்றினால் ஒரு மான் மங்கித் தெரியும்.

நான் விடியற்காலை, கடற்காற்று இருக்கும்போதே பின்னிவிடுவேன். மத்தியானம் கை வியர்த்தால் கம்பளி ஊசியில் வழுக்காது.

மான் முடிந்ததும் பச்சையிலேயே கண்ணிகளைக் குறைத்து உச்சியை மூடுங்கள். நூல் நுனிகளை உட்பக்கம் தைத்து, தண்ணீரில் ஊறவைத்து, துவாயில் சுற்றிப் பிழியாமல் அமுக்கி எடுங்கள். பிறகு தலை அளவுக்குப் பொருந்தும் ஒரு சட்டியைக் கவிழ்த்து, அதன்மேல் மாட்டி நிழலில் காயவிடுங்கள்.