பழைய காரில் காற்று உறிஞ்சும் இரைச்சல்: குறைக்கப் போய்ச் செய்யும் தவறுகள்

மேட்டில் ஏறும்போதோ முன்னால் போகும் லாரியை முந்தும்போதோ பானெட்டுக்கு அடியிலிருந்து எழும் கனத்த உறுமலை, பழைய கார் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் சைலன்சரின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். முதல் தவறு அதுதான். நானும் சைலன்சரை மாற்றினேன். பணம் போயிற்று, உறுமல் போகவில்லை. அதற்குப் பிறகுதான் ஏர் ஃபில்டர் பெட்டியின் பக்கம் என் கவனம் திரும்பியது.

சத்தம் எங்கே பிறக்கிறது என்று அறியப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. ஒரு மீட்டர் நீளமுள்ள ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதருகே பிடித்துக்கொண்டு, மறுமுனையை, விசிறிக்கும் பெல்ட்டுக்கும் எட்டாத தொலைவில், காற்றுப் பாதை நெடுக மெல்ல நகர்த்திப் பார்த்தால் போதும். ஓரிடத்தில் மட்டும் கூர்மையாக ‘உஸ்ஸ்’ என்று கேட்டால், வாக்வம் குழாய், அதாவது எஞ்சினின் உறிஞ்சும் இழுப்பை மற்ற பாகங்களுக்குக் கொண்டுபோகும் மெல்லிய குழாய், கீறியிருக்கலாம். அந்தக் கசிவைத் தேடுவதாகச் சொல்லிச் சூடான எஞ்சின் மீது கார்புரேட்டர் கிளீனரைப் பீய்ச்சும் வழக்கம் பல பணிமனைகளில் உண்டு. அது எளிதில் தீப்பற்றும் திரவம் என்பதால் வீட்டில் அதைச் செய்யவே கூடாது.

உறுமலின் கதை வேறு. எஞ்சின் காற்றை ஒரே சீராக இழுப்பதில்லை. வால்வு திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் ஒரு மிடறு இழுக்கிறது. அந்தத் துடிப்பு குழாய் வழியே பின்னோக்கி ஓடி, காற்று நுழையும் வாயில் சத்தமாக வெளிப்படுகிறது. மாருதி 800 போன்ற 3 சிலிண்டர் கார் நிமிடத்துக்கு 3000 சுற்று சுழலும்போது வினாடிக்கு 75 துடிப்புகள் உண்டாகும். 4 சிலிண்டர் எஞ்சினில் 100. 75 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய நாலரை மீட்டர். இந்த ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால், கடைகளில் விற்கும் பாதித் தீர்வுகள் ஏன் பயன்படுவதில்லை என்பது விளங்கிவிடும்.

நாலரை மீட்டர் அலையை அரை அங்குல ஃபோம் தடுக்காது. ஆனாலும் ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் ஃபோம் ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அது எஞ்சின் வெப்பத்தில் ஓரிரு ஆண்டுகளில் பொடிந்து உதிரும். ஃபில்டருக்குப் பின்புறம் ஒட்டியிருந்தால் அந்தத் தூள் நேராக எஞ்சினுக்குள்தான் போகும். கார்புரேட்டர் வண்டியில் எஞ்சின் பின்னோக்கி வெடித்தால் அந்த ஃபோமே தீப்பிடிக்கவும் இடமுண்டு. நுழைவாயைத் துணியால் பாதி அடைப்பது இன்னும் மோசம்: சத்தம் சற்றுக் குறைந்ததுபோல் தோன்றினாலும், முழு வேகத்தில் வண்டிக்கு மூச்சு முட்டும்.

இந்தத் தாழ்ந்த ஒலியை அடக்கத்தான் தயாரிப்பாளர்கள் பல கார்களில் ரெசனேட்டரை வைத்திருக்கிறார்கள். காற்றுக் குழாயின் ஓரத்தில் எதற்கென்றே தெரியாமல் தொங்கும் பிளாஸ்டிக் டப்பா அது. காலி பாட்டிலின் வாயில் ஊதினால் ஒரே ஒரு சுருதி எழுகிறதல்லவா, அதே இயல்பு இதற்கும் உண்டு. கழுத்தின் நீளம், அகலம், உள்ளிருக்கும் இடத்தின் கொள்ளளவு ஆகியவற்றுக்கேற்ற ஒரு குறிப்பிட்ட ஒலியை எதிர்த்து அமுக்குகிறது. காற்று அதன் ஊடாகப் போவதில்லை என்பதால், ‘இது வெறும் டப்பா, சார்’ என்று கழற்றி எறிந்துவிட்டுத் துளையை அடைத்துவிடும் மெக்கானிக்குகள் உண்டு. வண்டி ஓடும், உறுமலும் கூடவே ஓடும். என் காரில் நடந்தது இதுதான். முந்தைய உரிமையாளர் காலத்திலேயே கழன்றுபோன டப்பாவைச் சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் தேடிப் பிடித்து மாட்டியதும், சைலன்சர் செய்யாததை அது செய்தது. கிடைத்த டப்பாவில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். ஆனால் தண்ணீர் வடிவதற்கென்று சில டப்பாக்களின் அடியில் வைத்திருக்கும் சிறு துளையை விரிசல் என்று எண்ணி அடைத்துவிடக் கூடாது.

திறந்த கூம்பு வடிவ ஃபில்டரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெட்டியையே எடுத்துவிட்டால் சத்தம் கூடத்தான் செய்யும். போதாதற்கு அது பானெட்டுக்குள் இருக்கும் சூடான காற்றையும் குடிக்கும். வெடித்த காற்றுக் குழாய்க்குப் பதிலாகத் தோட்டத்துக் குழாயையோ வாக்வம் கிளீனர் குழாயையோ செருகுவதும் தவறு. சூட்டில் இளகி, உறிஞ்சும் இழுப்பில் ஒட்டிக்கொள்ளும்.

காற்று நுழையும் வாயைச் சத்தம் கேட்காத இடத்துக்கு மாற்றுவதாக எண்ணி, பம்பருக்குக் கீழே இறக்குபவர்களும் இருக்கிறார்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னைத் தெருக்களில் தண்ணீர் நின்ற உயரத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் ஆபத்தை விளக்க வேண்டியதில்லை. தண்ணீர் சிலிண்டருக்குள் போனால் காற்றைப் போல அமுங்காது. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்து எஞ்சினையே பிரிக்க வேண்டிவரும். அதேபோல, வால்வு மூடியிலிருந்து ஃபில்டர் பெட்டிக்கு வரும், எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிரீதர் குழாயில் சத்தம் கேட்கிறதென்று அதன் வாயை அடைத்துவிட்டால், உள்ளே அழுத்தம் ஏறி ஆயில் சீல்கள் கசியத் தொடங்கும்.

பெட்டியைத் தாங்கும் ரப்பர் புஷ்கள் கல்லாக இறுகியிருந்தால், அதிர்வு நேராக உடற்கூட்டுக்கு ஏறிவிடும். அவற்றை மாற்றாமல் பெட்டியைக் கம்பியால் இறுக்கிக் கட்டுவது அதிர்வை அதிகப்படுத்தவே செய்யும். மூடியின் நான்கு கிளிப்புகளில் ஒன்று உடைந்திருந்தாலும் சத்தத்தோடு தூசியும் உள்ளே வழி கண்டுபிடிக்கும். இத்தனையையும் சரிசெய்த பிறகும் உள்ளே சத்தம் கேட்டால், இரவில் பானெட்டுக்குள் ஒரு டார்ச்சை எரியவிட்டு, டேஷ்போர்டுக்கு அடியில் குனிந்து பார்க்கலாம். ஆக்சிலரேட்டர் கேபிளும் கிளட்ச் கேபிளும் நுழையும் துளைகளில் இடைவெளியை அடைக்கும் ரப்பர் வளையமான கிராமெட் விழுந்துபோயிருந்தால் வெளிச்சம் பொட்டுப் பொட்டாகத் தெரியும். அங்கே எம்-சீலை அப்பிவிடாமல், அளவுக்கேற்ற கிராமெட்டை வாங்கிப் பொருத்த வேண்டும். பொருத்திய பின், எஞ்சினைக் கிளப்பும் முன்பே, ஆக்சிலரேட்டர் மிதி விட்டவுடன் எங்கும் சிக்காமல் முழுதாக மேலே திரும்புகிறதா என்று நாலைந்து முறை அழுத்திப் பார்த்துவிட வேண்டும்.