விளக்கெண்ணெயில் துள்ளும் அலுமினியம்: தொடுதலால் நிகழும் மின்னேற்றத்தைக் காணும் செய்முறை

மின்கடத்தா எண்ணெயில் கிடக்கும் உலோகத் துகள், தான் தொட்டிருக்கும் தகட்டிலிருந்து மின்னூட்டத்தைப் பெற்று எதிர்த்தகட்டை நோக்கி எழும். அங்கே அதை இழந்து, எதிர்க்குறி மின்னூட்டத்தை ஏற்றுக்கொண்டு திரும்பும். ராணிப்பேட்டை பெல் ஆலையில் தயாராகும் நிலைமின் வீழ்படிவாக்கிகளில் (புகையிலிருந்து சாம்பலை மின்புலத்தால் பிரிக்கும் கருவிகளில்) சாம்பல் துகள்களுக்கு மின்னூட்டம் தருபவை வாயுவில் உள்ள அயனிகள். இங்கே தொடுதலே போதும்.

முதலில் எண்ணெய். மளிகைக் கடையில் கிடைக்கும் விளக்கெண்ணெயே தொடக்கநிலையினருக்கு ஏற்றது என்பது என் கருத்து. கடலை எண்ணெயில் துகள் கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் ஓடும். பழைய மின்மாற்றி எண்ணெயைத் தொடவே வேண்டாம். அதில் நச்சுச் சேர்மங்கள் இருக்கக்கூடும். ஐப்பசி, கார்த்திகை மழைநாட்களில் செய்வதானால், எண்ணெயை மிதமான தீயில் 100 டிகிரிக்குச் சற்று மேல் சூடாக்கி, மூடி ஆறவைத்துப் பயன்படுத்துங்கள். ஈரம் இருந்தால் துகளின் மின்னூட்டம் வழியிலேயே கசிந்துவிடும்.

அடுத்து, நேர்ச்சுவர் கொண்ட கண்ணாடிப் பாத்திரத்தில் தட்டையான பித்தளைத் தகடு ஒன்றை வைத்து, ஓரங்களில் 5 மி.மீ. உயரப் பிளாஸ்டிக் துண்டுகளை நிறுத்தி, அவற்றின்மேல் இரண்டாவது தகட்டை வைக்கவும். அலுமினியத் தாளை 1 மி.மீ. விட்டமுள்ள உருண்டைகளாக, உள்ளே காற்று தங்காதபடி இறுக்கி உருட்டவும். கூர்முனை இருந்தால் அதன் வழியே மின்னூட்டம் வெளியேறும். இரண்டு மூன்று உருண்டைகளை இடைவெளியில் இட்டு, மேல் தகடு மூழ்கும் வரை எண்ணெய் ஊற்றவும்.

மின்னழுத்தத்திற்குக் கொசு பேட் போதும். இந்தக் கட்டத்தில் மட்டும் அவசரம் கூடாது. பேட்டரியை அகற்றி, காப்பிட்ட பிடியுள்ள திருப்புளியால் வலைகளை ஒன்றோடொன்று தொடவைத்து, எஞ்சியிருக்கும் மின்னூட்டத்தை நீக்கிய பிறகே, வலைகளுக்குச் செல்லும் இரு கம்பிகளை வெளியே எடுக்க வேண்டும். ஒவ்வொரு கம்பியிலும் 1 மெகா ஓம் மின்தடைகள் ஐந்தைத் தொடராக இணைத்துத் தகடுகளுடன் பொருத்துங்கள். வீட்டு மின்சாரத்தை ஒருபோதும் நேரடியாகக் கொடுக்கக் கூடாது. பள்ளி மாணவர்கள் பெரியவர் ஒருவர் உடனிருக்கவே செய்யட்டும்.

பேட்டரியை மீண்டும் பொருத்திப் பொத்தானை அழுத்தினால், சுமார் 1,500 வோல்ட்டில் 5 மி.மீ. இடைவெளியில் சென்டிமீட்டருக்கு 3,000 வோல்ட் மின்புலம் உருவாகும். 1 மி.மீ. உருண்டை எழுவதற்கு ஏறத்தாழ 2,300 போதும் என்பது கணக்கு. துகள் பெறும் மின்னூட்டம் ஆரத்தின் இருமடியையும் மின்புலத்தையும் பொறுத்தது. எடையோ ஆரத்தின் மும்மடியைப் பொறுத்தது. ஆகவே சிறிய உருண்டை முதலில் எழும். ஆனால் ஆரம் பாதியானால் தேவைப்படும் மின்புலம் பாதியாவதில்லை, ஏறத்தாழ 0.7 மடங்காகவே குறையும், ஏனெனில் தூக்கும் விசை மின்புலத்தின் இருமடியாக வளர்கிறது. வெவ்வேறு அளவு உருண்டைகளை இட்டு இதை நீங்களே சரிபார்க்கலாம். ஒப்பிடுவதற்காக பி.வி.சி. துருவல் ஒன்றையும் சேர்த்துப் பாருங்கள். அது அலுமினியத்தைப் போலத் தகடு விட்டுத் தகடு தாவாது.

வேலூரின் மே மாத வெயிலில் 40 டிகிரியில் இருக்கும் விளக்கெண்ணெயின் பாகுநிலை, 30 டிகிரியில் இருப்பதில் பாதிதான். எனவே உருண்டை இருமடங்கு வேகத்தில் செல்லும். நேரத்தைக் குறிக்கும்போது வெப்பநிலையையும் சேர்த்துக் குறியுங்கள்.

உருண்டைகள் மிகுந்தால் சங்கிலியாகக் கோத்துத் தகடுகளை இணைத்துவிடும், ஆட்டமும் நின்றுவிடும். மின்மாற்றி எண்ணெயில் உலோகத் துணுக்குகள் அஞ்சப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். அப்படி நேர்ந்தால் பொத்தானை விட்டு, தகடுகளைத் திருப்புளியால் இணைத்து மின்னிறக்கம் செய்த பிறகே, குச்சியால் கலைத்துவிட்டு மீண்டும் தொடங்கவும்.