படத்தைக் கடைசியில் காட்டுங்கள்

மார்கழி மழைக்கு எங்கள் ஊரான கல்லடியில் கறண்ட் போனால், தங்கச்சியின் மூன்று பிள்ளைகளும் என் கட்டிலுக்கு வந்துவிடுவார்கள். என்னிடம் தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று இருக்கிறது. பழைய பேய்க்கதையும் துப்பறியும் கதையும் கலந்தது, நிறையக் கறுப்பு வெள்ளைப் படங்கள். அப்படி ஒன்றை வைத்துப் பிள்ளைகளுக்குக் கதை சொல்ல நினைக்கிறவர்களுக்கு இது.

வாசித்துக் காட்டாதீர்கள், சொல்லுங்கள். அந்தக் கால ஆங்கிலத்தை வரிவரியாகத் தமிழாக்கினால் பயத்துக்கு முன் நித்திரை வந்துவிடும். பகலிலேயே ஒரு தரம் முழுதாக வாசித்துவிட்டு, கதையில் வரும் சத்தத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். எட்கர் அலன் போ 1843இல் எழுதிய ஒரு கதையில், கொலை செய்தவனுக்குத் தரைப்பலகைக்கு அடியில் செத்தவரின் இதயம் அடிப்பது கேட்கும். நான் கட்டில் சட்டத்தில் விரலால் தட்டிக்கொண்டே சொல்வேன். எப்போது தட்டத் தொடங்கினேன் என்று பிள்ளைகளுக்குத் தெரியக்கூடாது, அவ்வளவு மெதுவாக. அதே ஆண்டு அவர் எழுதிய கறுப்புப் பூனைக் கதையை மட்டும் நான் தொடுவதில்லை. எங்கள் வீட்டிலும் பூனை இருக்கிறது.

படங்களைக் கலண்டர் தாளால் மூடி, கிளிப் மாட்டி வையுங்கள். இதை நான் பட்டுத்தான் படித்தேன். ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளில் 1892இல் வந்த ஒன்று: தரையோடு பொருத்திய கட்டில், அதன் மேல் தொங்கும் மணிக்கயிறு, இழுத்தால் மணி அடிக்காது. அருமையான புதிர். ஆனால் ஹோம்ஸ் அந்தக் கயிற்றைப் பிரம்பால் விளாசும் படம் முந்தியே மூத்தவன் கண்ணில் பட்டுவிட்டது. “பாம்புதானே, மாமா?” என்றான். கயிறு வழியே கட்டிலுக்கு இறங்குவது பாம்புதான், கதை அங்கேயே முடிந்தது. அப்புறம், அந்தப் பாம்பைப் பால் வைத்துப் பழக்கி, விசிலடித்துக் கூப்பிடுவார்கள் என்றதும் மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். வயல்காரன் பிள்ளைகளிடம் பாம்புக்கதை சொல்லும்போது கவனம்!

டோர்ச்சை முகத்துக்குக் கீழே பிடிக்க வேண்டாம், அது நாடக வேலை. புத்தகத்துக்குப் பக்கவாட்டில் வைத்தால் போதும், நிழல் தானாகச் சுவரில் ஏறும்.

டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸின், மூன்று வரம் கொடுக்கும் குரங்குப் பாதக் கதைக்கு (1902) கடைசியிலும் படம் காட்டாதீர்கள். செத்த மகன் திரும்பி வரவேண்டும் என்று வரம் கேட்டாயிற்று, கதவு தட்டப்படுகிறது, தாய் தாழ்ப்பாளை எட்டுகிறாள். தகப்பன் கடைசி வரத்தைக் கேட்டுவிடுகிறார். கதவு திறந்தால் வெறுந்தெரு. வந்தது எப்படி இருந்தது என்று எழுதினவரே சொல்லவில்லை.

விடிந்ததும் தாளும் பென்சிலும் கொடுங்கள். மூத்த பிள்ளைகள் இருவரும் எலும்புக்கூடு கீறினார்கள். சின்னவள் கதவு மட்டும் கீறினாள், கதவை விடப் பெரிய தாழ்ப்பாளோடு. இப்போது கலண்டர் தாளுக்குப் பதில் அதைத்தான் படங்களுக்கு மேல் மாட்டுகிறேன்.