சாரணியர் பரிமாறிக்கொள்ள டென்மார்க் கைவேலைச் சின்னங்கள்

பிப்ரவரி 22 அன்று வரும் உலகச் சிந்தனை நாளை ஒட்டி, சாரணியர் குழுக்கள் ஒரு நாட்டைத் தேர்ந்தெடுத்து, அதைப் பற்றிய சிறு கைவேலைப் பொருள்களைச் செய்து, ஊக்கில் கோத்து ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்வது பல இடங்களில் உண்டு. மண்டபம், கீழக்கரை, தொண்டிப் பகுதிக் குழுக்களுக்கு நான் பரிந்துரைப்பது டென்மார்க். நம் கரைக்கு வடக்கே தரங்கம்பாடியில் 1620இல் டேனியர் வந்து டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினர். 1845இல் அந்த ஊரை ஆங்கிலேயருக்கு விற்றனர். ஆகவே பொருளைக் கையில் கொடுக்கும்போது சொல்வதற்கு நம் பிள்ளைகளிடம் பக்கத்து ஊர்ச் செய்தியே இருக்கிறது.

முதலில் செய்ய வேண்டியது, டேனியர் கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடும் பின்னல் இதயம். இவற்றில் இன்று கிடைப்பவற்றுள் மிகப் பழையது, கதாசிரியர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1860 வாக்கில் செய்தது. சிவப்பு, வெள்ளை வண்ணத்தாள்களில் 3 செ.மீ. அகலமும் 10 செ.மீ. நீளமும் கொண்ட துண்டு ஒவ்வொன்றை வெட்டி, 10 செ.மீ. நீளம் 5 செ.மீ. ஆகும்படி பாதியாக மடித்து, திறந்திருக்கும் முனையை அரைவட்டமாகக் கத்தரிக்க வேண்டும். பிறகு மடிப்புப் பக்கத்திலிருந்து 3.2 செ.மீ. ஆழத்துக்கு இரண்டு வெட்டுகள் கொடுத்தால், ஒவ்வொரு தாளிலும் இரட்டை மடிப்புள்ள மூன்று பட்டைகள் கிடைக்கும்.

இரு தாள்களின் மடிப்பு முனைகளும் ஒன்றையொன்று நோக்க, செங்கோணமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். சிவப்பின் முதல் பட்டையை வெள்ளையின் முதல் பட்டைக்குள் நுழைத்து, இரண்டாம் வெள்ளைப் பட்டையைச் சிவப்புக்குள் விட்டு, மீண்டும் சிவப்பை மூன்றாம் வெள்ளைக்குள் நுழைத்து மேலே தள்ளுங்கள். அடுத்த சிவப்புப் பட்டைக்கு இந்த வரிசை தலைகீழாகும். மூன்றாவது, முதலாவதைப் போன்றதே. பனையோலைப் பெட்டி முடைந்து பழகிய நம் பிள்ளைகளின் விரல்கள் பட்டையை மேலும் கீழுமாகக் கொண்டுபோகவே பார்க்கும். அப்படிப் பின்னினால் கட்டம் சரியாக வரும், ஆனால் இதயம் திறக்காது. ஒரு மடிப்பின் வயிற்றுக்குள் மற்றொன்று போவதே இதன் உயிர். சரியாகப் பின்னியது சிறு கூடையாக விரியும். உள்ளே ஒரு கல்கண்டு வைக்கலாம். மேலே கைப்பிடியாக மெல்லிய தாள்பட்டை ஒன்றை ஒட்டி அதில் ஊக்கை மாட்டுங்கள்.

இரண்டாவது, தென்னை ஈர்க்கில் ஒட்டிய டென்மார்க் கொடி. டேனியர் பிறந்தநாள் கேக்கிலும் இந்தக் கொடியைக் குத்திவைப்பர். 1219இல் நடந்த ஒரு போரின்போது இது வானிலிருந்து விழுந்தது என்பது அவர்களது ஐதீகம். உயரம் 28 மி.மீ., நீளம் 34 மி.மீ. என வெட்டி, 4 மி.மீ. அகல வெள்ளைப் பட்டைகளால் சிலுவையை ஒட்டுங்கள். கம்பை ஒட்டிய இரு சிவப்புக் கட்டங்களும் 12 மி.மீ. சதுரங்களாகவும், மறுபுறத்தவை 18 மி.மீ. நீளமாகவும் அமைய வேண்டும். சிலுவையை நடுவில் வைத்துவிட்டால் அது டென்மார்க் கொடி ஆகாது என்பதால் அடிக்கோலால் அளந்தே ஒட்டச் சொல்லுங்கள்.

கோபன்ஹேகன் துறைமுகத்தில் 1913 முதல் இருக்கும் கடற்கன்னிச் சிலையைச் செய்யச் சிலர் விரும்புவர். அட்டையில் வெட்டிச் செதிலை வரைந்தால் போதும். அதற்காகக் கரையில் பவளத் துண்டுகளைப் பொறுக்க விடாதீர்கள். அவை 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் காக்கப்படுபவை, மன்னார் வளைகுடாத் தீவுகளோ தேசியப் பூங்கா.

நம் உப்புக்காற்றில் இரும்பு ஊக்கு விரைவில் துருவேறித் தாளைக் கறையாக்கும் என்பதால் பித்தளை ஊக்கே வாங்குங்கள். பசை காய ஓர் இரவு விட்டு, மூடியுள்ள டப்பாவில் அடுக்குங்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் குழுவின் பெயர், ஊர், ஒரு வரிச் செய்தி ஆகியவை மட்டும் இருக்கட்டும். பிள்ளைகளின் தொலைபேசி எண் வேண்டாம். கைவசம் ஏதும் கொண்டுவராத குழந்தைக்கும் கொடுப்பதற்காகச் சிலவற்றைக் கூடுதலாகவே செய்துவையுங்கள்.