உச்சத்தில் கேட்காமல் போன வரி

எங்கள் இசை நாடகத்தில் நாயகி வீட்டை விட்டுக் கிளம்பும்போது ஒரு பாட்டு. மெட்டு பிரமாதம், ஆனால் கடைசி வரிசைக்கு வார்த்தை புரியவில்லை. எல்லோரும் மைக்கைத்தான் திட்டினார்கள். எனக்கென்னவோ வரியின் மேல்தான் சந்தேகம். மேல் சட்ஜமத்தில், அதாவது மேல் ஸ்தாயி 'ச' சுரத்தில், 'துணிந்து நின்று' என்று இழுக்க வேண்டியிருந்தது. உகரத்துக்கு உதடு குவியும். அந்த உயரத்தில் எழுத்து தெளியாது. அங்கே 'ஆ' ஒலி விழும்படி 'போகிறேன் நான்' என்று மாற்றினேன். சுருதியையும் அரைக் கட்டை இறக்கினோம், பாடகிக்கு நிம்மதி. வார்த்தை தெளிவாகக் கேட்டது.

அப்புறம், பல்லவியிலேயே நாயகி முடிவெடுத்துவிட்டால் சரணத்தில் கேட்க என்ன இருக்கிறது? பல்லவியில் தயக்கத்தை வைத்து, முடிவைச் சரணத்தின் கடைசி வரிக்குத் தள்ளினேன். பாட்டுக்கு முன்னால் இருந்த அரைப்பக்க வசனம் வேண்டாத சுமையாகிவிட, வெட்டினோம். வசனம் எழுதிய நண்பர்தான் கொஞ்ச நாள் என்னோடு பேசவில்லை.